316எல் லேசர் பூச்சு: பவுடரை எடை போடுவதிலிருந்து அரிப்புச் சோதனை வரை, வரிசையாக

இஎன் 8 கார்பன் ஸ்டீல் தட்டின் மேல் 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பவுடரை லேசரால் உருக்கிப் பூசுகிறோம். அப்புறம் அதை வெட்டி, பாலிஷ் போட்டு, எட்ச் செய்து (அமிலத்தால் பரப்பை லேசாக அரித்து), நுண்ணமைப்பைப் பார்த்து, கடினத்தன்மையும் அரிப்பைத் தாங்கும் திறனும் அளக்கிறோம். லேப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் சரியாகத்தான் செய்கிறார்கள், வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். கடினத்தன்மை மெஷின் காலியாக இருக்கிறதே என்று முதலில் அங்கே போய் நிற்பார்கள், எண்களும் வந்துவிடும், ஆனால் அந்த எண்கள் எந்தக் கலவை உலோகத்தினுடையவை என்று கேட்டால் பதில் இருக்காது.

பூச்சு போடும்போது அடி உலோகமும் கொஞ்சம் உருகிப் பூச்சுக்குள் கலந்துவிடுகிறது. அந்தக் கலப்பின் பங்குதான் டைல்யூஷன். அதை அளக்கும் வரை கடினத்தன்மையையோ அரிப்பையோ அளக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. கீழே உள்ள வரிசை முழுக்க அதைச் சுற்றியே போகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பவுடர்: வாயுவால் சிதறடித்துத் தயாரித்த உருண்டைத் துகள், 45 முதல் 150 மைக்ரான் வரை. 3டி பிரின்டிங்குக்கு வாங்கிய 15–45 மைக்ரான் பவுடர் மீதம் இருக்கிறது, அதையே போட்டுவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம், அவ்வளவு மெல்லிய துகள் ஃபீடரில் ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு வரும். டப்பாவோடு வந்த கலவைச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், ஏழாவது படியில் கணக்குக்கு அது வேண்டும்.

அடித்தட்டு: குறைந்தது 10 மி.மீ. தடிமன். மெல்லிய தட்டு என்றால் மூன்றாவது, நான்காவது பீடு (லேசர் ஒரு தடவை ஓடும்போது விழும் உலோகக் கோடு) போடும்போதே முழுத் தட்டும் சூடேறி, ஒவ்வொரு பீடுக்கும் டைல்யூஷன் மாறிக்கொண்டே போகும். துருவையும் கறுப்புப் பொருக்கையும் கிரைண்டரால் எடுத்து, அசிட்டோனால் துடையுங்கள். கண்ணாடி போல் பளபளக்க வைக்க வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சும்.

பாதுகாப்பு: ஃபைபர் லேசரின் ஒளி சுமார் 1,070 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கென்றே குறித்த கண்ணாடிதான் போட வேண்டும், வெல்டிங் கண்ணாடி இதற்கு உதவாது. பவுடரில் நிக்கல், குரோமியம் இரண்டும் இருப்பதால் கொட்டும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

அமிலங்கள்: நைட்டல் (எத்தனாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) 2 சதவீதம், ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் 10 சதவீதம், ஒரு டிசி பவர் சப்ளை, ஒரு பாட்டில் நெயில் பாலிஷ். கடைசியில் சொன்னது வேடிக்கைக்காக இல்லை, எட்டாவது படியில் தெரியும்.

2. லேசரை ஆன் செய்யும் முன் பவுடரை எடை போடுங்கள்

ஃபீடர் திரையில் காட்டும் சுழற்சி எண்ணை நம்பி வேலையை ஆரம்பிப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த எண் தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை கிராம் விழுகிறது என்பது பவுடரைப் பொறுத்தது. பவுடரை 100 டிகிரி பக்கத்தில் ஒரு மணி நேரம் உலர்த்தி, நாசிலுக்குக் கீழே ஒரு டப்பா வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு எடை போடுங்கள். மூன்று தடவை செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி.

அப்புறம் நாசில் மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தட்டின் மேல் இருபக்கம் ஒட்டும் டேப்பை ஒட்டி, லேசர் இல்லாமல் பவுடரை மட்டும் ஒரு நொடி விடுங்கள். டேப்பில் பதியும் புள்ளி வட்டமாக இருந்தால் சரி. பிறை போல ஒரு பக்கம் இழுத்திருந்தால் நாசிலில் ஏதோ ஒரு வழி அடைத்திருக்கிறது, அல்லது தலை சாய்ந்திருக்கிறது. இதைச் சரி செய்யாமல் போட்டால் இடமிருந்து வலமாகப் போகும்போது ஒரு உயரமும், வலமிருந்து இடமாக வரும்போது வேறு உயரமும் வரும், காரணம் தெரியாமல் பவரை ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

3. முதலில் ஒற்றை பீடு, அப்புறம்தான் ஓவர்லேப்

தொடங்குவதற்கு ஒரு அமைப்பு: 3 மி.மீ. புள்ளி, 1,500 வாட், நொடிக்கு 10 மி.மீ. வேகம், நிமிடத்துக்கு 10 கிராம் பவுடர், ஆர்கான் வாயு. தூவும் பவுடரில் பத்தில் ஏழு பங்கு உருகுகுளத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், பீடு சுமார் 3 மி.மீ. அகலம், 0.7 மி.மீ. உயரம் வர வேண்டும். உங்கள் மெஷினில் எண்கள் மாறும், அதனால் இதைச் சுற்றிப் பவரில் மூன்று படி, வேகத்தில் மூன்று படி என்று ஒன்பது ஒற்றை பீடுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 50 மி.மீ. நீளம், நடுவில் தட்டு ஆறட்டும்.

ஏன் ஒற்றை பீடு? கோணத்தைப் பார்க்கத்தான். பீடின் அகலம் உயரத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். குறுகலாக, செங்குத்தாக நிற்கிற பீடுக்குப் பக்கத்தில் அடுத்ததைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் கீழ் மூலைக்கு லேசர் எட்டாது, அங்கே உருகாத பவுடரோடு ஒரு நீளமான துளை நின்றுவிடும். பவுடரைக் குறைத்தால் இந்தத் தொல்லை போய்விடும், ஆனால் மிச்சமாகும் சக்தி அடி உலோகத்தை ஆழமாக உருக்கும், டைல்யூஷன் ஏறும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் உங்கள் அமைப்பு இருக்கிறது.

ஒற்றை பீடில் நல்லதாகத் தெரிந்ததை எடுத்து, 1.5 முதல் 1.8 மி.மீ. நகர்த்தி நகர்த்தி, அதாவது 40–50 சதவீத ஓவர்லேப்பில், பத்துப் பன்னிரண்டு பீடுகள் போடுங்கள். முதல் பீடு முழுக்க அடி உலோகத்தின் மேல் விழுகிறது. இரண்டாவதிலிருந்து லேசரின் ஒரு பகுதி பழைய பீடை உருக்குவதில் செலவாகிறது, அதனால் அடி உலோகக் கலப்பு குறைகிறது. ஒற்றை பீடில் அளந்த டைல்யூஷனை அப்படியே முழுப் பூச்சின் டைல்யூஷன் என்று எழுதுவது தப்பு.

இரண்டாவது அடுக்கு போடுவதாக இருந்தால், நடுவில் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். 316எல் பீடின் மேல் கண்ணாடி போன்ற கறும் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவை சிலிக்கான், மாங்கனீஸ் ஆக்சைடுகள். தேய்க்காமல் விட்டால் அடுத்த அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். சாதாரண இரும்பு பிரஷ் மட்டும் வேண்டாம், பூச்சின் மேல் இரும்புத் துணுக்குகளை ஒட்டிவிட்டுப் போகும், அது அரிப்புச் சோதனையில் துருப்புள்ளியாக எழும்.

4. வெட்டும் முன் டை பெனட்ரன்ட்

வெட்டிய பிறகு தெரியும் விரிசல் பூச்சு போடும்போது வந்ததா, வெட்டும்போது வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முழுத் தட்டாக இருக்கும்போதே டை பெனட்ரன்டை, அதாவது விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மையை, அடித்துப் பார்த்துவிடுங்கள். 316எல் பொதுவாக விரியாது. விரிந்தால் பெரும்பாலும் பவுடரிலோ அடி உலோகத்திலோ கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம். ஆனால் இஎன் 8-இல் 0.4 சதவீதம் பக்கத்தில் கார்பன் இருக்கிறது, பூச்சுக்குக் கீழே வெப்பம் பாதித்த பகுதி சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற கடினமான, எளிதில் விரியும் அமைப்பாகிவிடும், விரிசல் அங்கேயும் பிறக்கலாம். தட்டை 200 டிகிரி வாக்கில் முன்சூடு செய்தால் அந்தப் பயம் குறையும். 420, 431 போன்ற கடினமாகும் ஸ்டெயின்லெஸ் வகைகளைப் பூசுகிறவர்கள் முன்சூட்டைத் தவிர்க்கவே கூடாது.

வெட்டுமிடம் முக்கியம். பீடின் ஆரம்பத்திலும் முடிவிலும் 10 மி.மீ. விட்டுவிட்டு நடுவில், பீடுக்குக் குறுக்கே வெட்டுங்கள். ஆரம்பத்தில் தட்டு குளிர்ந்திருக்கும், முடிவில் லேசர் நிற்கும்போது ஒரு குழி விழும், இரண்டுமே பூச்சின் இயல்பான நிலையைக் காட்டாது. ஓவர்லேப் மாதிரியில் ஐந்தாவது பீடிலிருந்து எட்டாவது வரை உள்ள பகுதியைப் பயன்படுத்துங்கள். வெட்டும்போது கூலன்ட் தாராளமாக ஓடட்டும், வெட்டுமுகம் நீலம் பாய்ந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு வேறு வெட்டுங்கள்.

5. மவுண்ட், எமரி, பாலிஷ்

வெட்டிய துண்டைப் பிசினில் பதிப்பதுதான் மவுண்ட். சூடான பேக்லைட் மவுண்ட் 150–180 டிகிரியில் நடக்கிறது. பூச்சின் ஆஸ்டெனைட்டுக்கு (316எல்-இன் இயல்பான படிக அமைப்பு) அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் கீழே உள்ள புது மார்ட்டென்சைட் லேசாகப் பதப்பட்டுவிடும். அந்தப் பகுதியின் கடினத்தன்மை உங்களுக்கு முக்கியம் என்றால் எப்பாக்சியில் குளிர் மவுண்ட் செய்யுங்கள். எப்படியானாலும் பின்பக்கம் ஒரு துளை போட்டு மாதிரியைத் தொடும்படி ஒரு கம்பியைச் செருக இடம் வையுங்கள், மின்சார எட்சுக்கு அது வேண்டும். மவுண்ட் செய்த பிறகு இதை யோசிக்கிறவர்கள்தான் அதிகம்.

எமரி தாள் 220, 320, 400, 600, 800, 1200 என்று வரிசையாக, ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி திருப்பி, முந்திய கோடுகள் முழுக்க மறைந்த பிறகும் இன்னும் அதே நேரம் தேயுங்கள். 316எல் மென்மையான, இழுபடுகிற உலோகம். கோடு கண்ணுக்கு மறைந்தாலும் அதற்கடியில் நசுங்கிய அடுக்கு இருக்கும், எட்ச் செய்த உடனே பழைய கோடுகள் எல்லாம் திரும்பி வந்து நிற்கும். தேய்ந்த தாளை அழுத்தித் தேய்ப்பது இன்னும் மோசம். புதுத் தாள், லேசான அழுத்தம்.

அப்புறம் டயமண்ட் 6, 3, 1 மைக்ரான். கடைசியில் 0.05 மைக்ரான் கூழ்ம சிலிக்கா இருந்தால் நல்லது. மென்மையான பூச்சும் கடினமான மார்ட்டென்சைட்டும் ஒரே பரப்பில் இருப்பதால், ரோமம் உள்ள துணியில் நீண்ட நேரம் ஓட்டினால் பூச்சு பள்ளமாகி எல்லையில் ஒரு படி விழும். மைக்ரோஸ்கோப்பில் அது தடித்த கறுப்புக் கோடாகத் தெரியும், பூச்சு ஒட்டவில்லை என்று அறிக்கை எழுதுகிற அளவுக்கு அது ஏமாற்றும். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், கோடு அசைந்தால் அது படி.

6. எட்ச் செய்யும் முன் துளைகளை எண்ணுங்கள்

துளை அளவை எட்ச் செய்யாத பரப்பில்தான் எடுக்க வேண்டும், எட்ச் குழிகள் துளைகளோடு சேர்ந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். உருண்டையான துளை என்றால் வாயு: பவுடருக்குள் அடைபட்ட ஆர்கானோ, உலராத ஈரமோ. ஒழுங்கற்ற, மூலைகள் உள்ள துளை பீடுகளுக்கு நடுவிலோ அடுக்குகளுக்கு நடுவிலோ இருந்தால் உருகாமல் விட்டது. முதலாவதற்கு மருந்து பவுடரில், இரண்டாவதற்கு மருந்து மூன்றாவது படியில். மொத்தச் சதவீதம் மட்டும் எழுதிவிட்டுப் போனால் படிக்கிறவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது.

7. நைட்டல், அப்புறம் டைல்யூஷன் கணக்கு

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

நைட்டலை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. அது கார்பன் ஸ்டீலைத் தாக்கும், ஸ்டெயின்லெஸ்ஸைத் தொடாது. ஐந்து பத்து வினாடியில் அடி உலோகம் சாம்பல் நிறமாகும், பூச்சு வெள்ளையாகவே இருக்கும், நடுவில் உருகு எல்லை கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும். தலைகீழாக, ஸ்டெயின்லெஸ்ஸுக்கான ராஜதிராவக வகை எட்சை முதலில் போட்டால் கார்பன் ஸ்டீல் நொடியில் கறுத்து, அந்தக் கறை பூச்சின் மேலும் வழிந்து, திரும்ப எமரி தாளுக்கே போக வேண்டியதுதான். நைட்டல் தயாரிக்கும்போது எத்தனாலில் நைட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், 5 சதவீதத்துக்கு மேல் கலந்து இறுக மூடி வைக்காதீர்கள், அது வெடிக்கக்கூடியது.

இப்போது படம் எடுத்து, தட்டின் பழைய மேற்பரப்பு இருந்த உயரத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே உருகிய பரப்பை மொத்த உருகிய பரப்பால் வகுத்தால் டைல்யூஷன். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளே போதும். ஆழத்தை மட்டும் வைத்து, அதாவது உருகிய ஆழத்தை ஆழமும் உயரமும் சேர்ந்ததால் வகுத்துப் போடும் சுருக்கு வழியும் உண்டு. ஆனால் உருகிய அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் நடுவில் விரல் போல் இறங்கியிருந்தால் அது தப்பாகக் காட்டும்.

இலக்கு 5 முதல் 10 சதவீதம். அதற்கும் குறைவாக, எல்லையில் உருகியதற்கான தடமே இல்லாமல் இருந்தால் பூச்சு சில இடங்களில் ஒட்டாமலே உட்கார்ந்திருக்கலாம். அதிகமானால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பாருங்கள். பவுடரில் குரோமியம் 17, நிக்கல் 12, கார்பன் 0.02 சதவீதம், அடி உலோகத்தில் கார்பன் 0.4 என்று வைத்துக்கொள்வோம்.

டைல்யூஷன் 20 சதவீதம் என்றால் பூச்சில் குரோமியம் 13.6, நிக்கல் 9.6, கார்பன் 0.096. பெயருக்குப் பின்னால் இருக்கும் எல் என்ற எழுத்துக்கு அர்த்தம் கார்பன் 0.03-க்குள் இருக்கிறது என்பது. இங்கே அதைப் போல மூன்று மடங்கு. 40 சதவீதம் என்றால் குரோமியம் 10.2, கார்பன் 0.172. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும், நீங்கள் பூசியது அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. எந்தக் கலவைக்கு எந்த அமைப்பு வரும் என்று காட்டும் ஷேஃப்லர் வரைபடத்தில் இந்த இரண்டு கலவைகளையும் குறித்துப் பாருங்கள்: 20 சதவீதத்தில் ஆஸ்டெனைட்டின் ஓரத்தை ஒட்டி நிற்கும், 40-இல் மார்ட்டென்சைட் கலந்த பகுதிக்குள் நகர்ந்திருக்கும்.

அதனால்தான் இரண்டாவது அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ளதில் 20 சதவீதம் கலக்கிறது என்றால், இரண்டாவது அடுக்கில் இஎன் 8-இன் பங்கு வெறும் 4 சதவீதம், குரோமியம் 16.3-க்கு ஏறிவிடும். ஒரே அடுக்கில் டைல்யூஷனைக் குறைக்க மல்லுக்கட்டுவதைவிட இது பல வேலைகளுக்கு லாபம். ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஐஎல்டி நிறுவனத்தில் உருவான அதிவேக லேசர் பூச்சில் பவுடர் குளத்துக்கு மேலேயே உருகிவிடுவதால் அடி உலோகம் மிகக் கொஞ்சமே கரைகிறது. அந்த மெஷின் கைவசம் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை, ஆனால் வெட்டிப் பார்த்து உறுதி செய்யும் வேலை அவர்களுக்கும் உண்டு.

எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) வசதி இருந்தால், அதில் தனிமங்களின் அளவைக் காட்டும் இடிஎஸ் கருவியால் பூச்சின் உச்சியிலிருந்து அடி உலோகம் வரை கோடு ஒன்று ஓட்டுங்கள். உருகுகுளம் சுழன்று கலப்பதால் ஒரு பீடுக்குள் குரோமியம் ஏறக்குறைய சமமாக இருந்து, எல்லையில் சட்டென்று விழும். பரப்புக் கணக்கில் வந்த குரோமியமும் இதுவும் ஒத்துப்போனால் உங்கள் கணக்கை நம்பலாம். கார்பனை மட்டும் இடிஎஸ் எண்ணை வைத்துச் சொல்லாதீர்கள், இவ்வளவு குறைந்த கார்பனுக்கு அது நம்பத்தக்க கருவி இல்லை.

8. நெயில் பாலிஷ், ஆக்ஸாலிக், அப்புறம் கீழிருந்து மேலாகப் பார்ப்பது

லேசாக மீண்டும் 1 மைக்ரானில் பாலிஷ் போட்டு நைட்டல் கறையை எடுத்துவிட்டு, அடி உலோகப் பகுதியை எல்லை வரை நெயில் பாலிஷால் மூடுங்கள். மூடாமல் மின்சார எட்ச் செய்தால் மின்னோட்டம் கார்பன் ஸ்டீலுக்கும் போகும், எவ்வளவு போகிறது என்பது உங்கள் கையில் இருக்காது. மாதிரி நேர்முனை, ஒரு ஸ்டெயின்லெஸ் துண்டு எதிர்முனை, 10 சதவீத ஆக்ஸாலிக், 6 வோல்ட். பத்து வினாடியில் எடுத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் பத்து. ஒரேயடியாக ஒரு நிமிடம் போட்டால் செல் எல்லைகள் எல்லாம் பள்ளமாகிப் படம் பாழ். பூச்சு 420 அல்லது 431 என்றால் ஆக்ஸாலிக்கைவிட விலெல்லா கரைசல் மார்ட்டென்சைட்டை நன்றாகக் காட்டும்.

பார்ப்பதை எல்லையிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து பார்க்கிறவர்கள் டென்ட்ரைட் (மரக்கிளை போல வளர்ந்த படிகம்) அழகில் மயங்கி எல்லையை மறந்துவிடுகிறார்கள். எல்லையை ஒட்டிச் சில மைக்ரான் அகலத்தில் எந்த அமைப்பும் தெரியாத ஒரு வெளிர் பட்டை இருக்கும். உருகு உலோகம் உறையத் தொடங்கும் அந்த இடத்தில் வெப்பச் சரிவு மிக அதிகம், உறையும் வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யம், அதனால் உறையும் முகம் தட்டையாகவே முன்னேறுகிறது. கொஞ்சம் மேலே போனால் வேகம் ஏறி, முகம் உடைந்து செல்களாகிறது (அருகருகே நிற்கும் சிறு விரல் போன்ற படிகங்கள்). அதற்கும் மேலே எல்லைக்குச் செங்குத்தாக நீண்டு வளர்ந்த தூண் டென்ட்ரைட்டுகள், அவை வெப்பம் வெளியேறும் திசைக்கு எதிர்த்திசையில் வளர்ந்தவை. உச்சியை நெருங்கும்போது லேசர் போன திசைக்குச் சாய்ந்துவிடும், சில மாதிரிகளில் மேல் தோலில் திசையில்லாத சிறு மணிகளும் இருக்கும்.

செல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால் குளிர்ந்த வேகம் கிடைக்கும். ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பலரும் பயன்படுத்துகிற சமன்பாடு ஒன்று: இடைவெளி மைக்ரானில் = 80 × (குளிரும் வேகம், நொடிக்குக் கெல்வினில்) அடுக்கு −0.33. நொடிக்கு 1,000 கெல்வின் என்றால் சுமார் 8 மைக்ரான், 10,000 என்றால் 4-க்குக் கொஞ்சம் குறைவு. லேசர் பூச்சுகள் பெரும்பாலும் இந்த எல்லைகளுக்குள்தான் விழும். செல்கள் உங்களை நேருக்கு நேர் பார்க்கிற இடத்தில் அளக்க வேண்டும், சாய்வாக வெட்டுப்பட்ட இடத்தில் அளந்தால் இடைவெளி பெரிதாகத் தெரியும்.

ஓவர்லேப் கோடுகள் மீன் செதில் போல வளைந்து தெரியும். அந்தக் கோட்டைக் கடந்தும் அதே கிரெயின் (படிகமணி) தொடர்ந்து வளர்ந்திருந்தால் நல்ல உருக்கம். கோட்டின் மேல் கறுப்பாக ஏதாவது வரிசையாக இருந்தால் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள், மூன்றாவது படியில் தேய்க்காமல் விட்ட ஆக்சைடு அங்கேதான் ஒளிந்திருக்கும். செல் எல்லைகளில் தெரிகிற மெல்லிய தீவுகள் டெல்டா ஃபெரைட்டாக (காந்தம் ஒட்டும் இன்னொரு படிக அமைப்பு) இருக்கலாம், குரோமியமும் மாலிப்டினமும் அங்கே கூடுகிறது.

9. கடினத்தன்மை: இடைவெளியைக் கணக்குப் போட்டுவிட்டுக் குத்துங்கள்

விக்கர்ஸ், 300 கிராம் சுமை, 10 முதல் 15 வினாடி. 200 எச்வி (விக்கர்ஸ் கடினத்தன்மை எண்) உள்ள 316எல் பூச்சில் இந்தச் சுமைக்குத் தடத்தின் மூலைவிட்டம் சுமார் 53 மைக்ரான். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 160 மைக்ரான் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முந்திய குத்து இறுக்கிவிட்ட உலோகத்தையே அடுத்த குத்து அளக்கும். 0.7 மி.மீ. பூச்சில் நேர்கோட்டில் போனால் நாலு புள்ளிதான் கிடைக்கும். நேராகப் போகாமல் சாய்வாக, படிக்கட்டு போல இறங்குங்கள், ஆழத்தில் 50 மைக்ரானுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

316எல் பூச்சு 180 முதல் 250 எச்வி வரை காட்டுவது வழக்கம். கீழே இஎன் 8-இன் வெப்பம் பாதித்த பகுதி முன்சூடு இல்லாவிட்டால் 500-க்கு மேல், சில சமயம் 600-ஐத் தாண்டியும் போகும். அடுத்தடுத்த பீடுகள் அதைப் பதப்படுத்துவதால் ஓவர்லேப்புக்குக் கீழே மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரே ஒரு கோடு ஓட்டிவிட்டு அதுதான் முழுப் பூச்சின் நிலை என்று சொல்ல வேண்டாம். பீடின் நடுவில் ஒன்று, ஓவர்லேப்பில் ஒன்று, குறைந்தது இரண்டு கோடுகள்.

பூச்சுக்குள்ளேயே 350 வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 316எல் அப்படி இறுகாது. டைல்யூஷன் கணக்கை எடுத்துப் பாருங்கள், கார்பன் ஏறி, நிக்கல் இறங்கி, மார்ட்டென்சைட் உருவாகியிருக்கும். எல்லையை ஒட்டிய ஒற்றைப் புள்ளி மட்டும் எகிறினால் அது இரண்டு கலவைக்கும் நடுப்பட்ட மெல்லிய மார்ட்டென்சைட் பட்டை, எல்லா மாதிரியிலும் கொஞ்சம் இருக்கும், பதற வேண்டாம். தேய்மானத்துக்காகக் கடினத்தன்மை உண்மையிலேயே வேண்டும் என்றால் 431 அல்லது 420 பவுடருக்குப் போங்கள்.

உள் இறுக்கத்தைத் தளர்த்த 600 டிகிரியில் சூளையில் போடலாமா என்று கேட்பார்கள். கார்பன் ஏறிய 316எல் பூச்சுக்கு அந்த வெப்பநிலை ஆபத்து, கிரெயின் எல்லைகளில் குரோமியம் கார்பைடு படிந்து அரிப்புக்கு வழி திறக்கும். தவிர ஆஸ்டெனைட்டும் கார்பன் ஸ்டீலும் வெவ்வேறு அளவில் சுருங்குபவை, டிகிரிக்கு மில்லியனில் சுமார் 16-ம் 12-ம், ஆறும்போது இறுக்கத்தில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும்.

10. எக்ஸ்ஆர்டி, ஃபெரைட்: சுருக்கமாக

எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் கண்டறிவது. அதில் செம்புக் குழாய் இரும்பை ஒளிரவைத்துப் பின்னணியை ஏற்றிவிடும், கோபால்ட் குழாய் கிடைத்தால் அதைக் கேளுங்கள். எமரி தேய்த்த பரப்பை நேரடியாக வைக்காதீர்கள், தேய்த்ததாலேயே தோலில் மார்ட்டென்சைட் வரலாம். மின்பாலிஷ் செய்த பரப்பு நல்லது. தூண்களாக ஒரே திசையில் வளர்ந்த உலோகம் என்பதால் சிகரங்களின் உயரம் பவுடரில் வருவது போல வராது, அதை வைத்து எந்தப் படிக அமைப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட வேண்டாம்.

காந்தத்தன்மையை வைத்து ஃபெரைட்டை அளக்கும் ஃபெரைட் மீட்டரை மெல்லிய பூச்சின் மேல் வைத்தால் கீழே உள்ள இரும்பையும் சேர்த்துத்தான் காட்டும், காந்தம் ஒட்டுகிறது என்று சொல்வதும் அதே கதைதான். பூச்சை அடி உலோகத்திலிருந்து தனியே அறுத்தெடுத்த துண்டில் பாருங்கள்.

11. அரிப்புச் சோதனை கடைசியில்

பூச்சின் அலை அலையான மேற்பரப்பை மில்லிங் செய்து சமப்படுத்தி, புது எமரி தாளில் 600 வரை தேய்த்து, அசிட்டோனில் கழுவுங்கள். எவ்வளவு உலோகம் எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். ஒற்றை அடுக்கில் இரண்டு பீடுக்கு நடுவில் பள்ளம் இருக்கும், அதிகம் எடுத்துவிட்டால் சில இடத்தில் உருகு எல்லை வெளியே எட்டிப்பார்க்கும்.

அதைக் கண்டுபிடிக்க காப்பர் சல்பேட் கரைசலைத் தடவி ஆறு நிமிடம் ஈரமாக வையுங்கள், ஏஎஸ்டிஎம் ஏ967 என்ற தரநிலையில் உள்ள சோதனை. செம்பு படிந்த இடத்தில் இரும்பு வெளியே இருக்கிறது அல்லது குரோமியம் மிகக் குறைவு. புள்ளிப் புள்ளியாகப் படிந்தால் கருவியிலிருந்து ஒட்டிய இரும்புத் துணுக்காக இருக்கலாம். பீடுகளுக்கு இணையாகக் கோடு கோடாகப் படிந்தால் அது டைல்யூஷன். 420, 431 பூச்சுகளுக்கு இந்தச் சோதனையைப் போடாதீர்கள், மார்ட்டென்சிடிக் வகைகளில் பூச்சு நன்றாக இருந்தாலும் செம்பு படியக்கூடும்.

அப்புறம்தான் 3.5 சதவீத உப்புக் கரைசலில் மின்வேதிச் சோதனை. ஒரு சதுர செ.மீ. பூச்சை மட்டும் விட்டு, பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் முழுக்க மூடுங்கள். மூடியின் ஓரத்தில் ஊசி முனையளவு கார்பன் ஸ்டீல் தெரிந்தாலும் போதும், அது பூச்சுக்குப் பதிலாகத் தான் கரைந்து, வரைபடத்தை முழுக்கத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒரு மணி நேரம் சும்மா விட்டு மின்னழுத்தம் நிலைத்த பிறகு, நொடிக்கு 0.167 மில்லிவோல்ட் வேகத்தில் ஏற்றுங்கள். ஒப்பிட, கடையில் வாங்கி அதே தாளில் தேய்த்த 316எல் தகடு ஒன்றை அதே நாளில், அதே கரைசலில் ஓட்டுங்கள், தனியாக ஒரு குழிவிழும் மின்னழுத்த (பரப்பில் அரிப்புக் குழி விழத் தொடங்கும் மின்னழுத்தம்) எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

சோதனை முடிந்ததும் மாதிரியைக் கழுவி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, குழி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மூடியின் ஓரத்தில் விழுந்திருந்தால் அது மூடியின் இடுக்கு அரிப்பு, அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு மாதிரியை மீண்டும் மூடுங்கள். துளையிலிருந்து தொடங்கியிருந்தால் பவுடரை உலர்த்தினீர்களா என்று பாருங்கள். ஓவர்லேப் கோட்டில் வரிசையாக விழுந்திருந்தால் ஆக்சைடை பிரஷ் செய்யவில்லை அல்லது நகர்த்தும் தூரம் அதிகம். பரப்பு முழுக்கப் பரவலாக, தகட்டைவிட நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் கீழேயே விழுந்திருந்தால் ஏழாவது படியில் எழுதிய குரோமியம் எண்ணை எடுத்துப் பாருங்கள், அது 14-க்குக் கீழே இருந்தால் இரண்டாவது அடுக்கைப் போட்டுவிட்டு வெட்டுவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.